ஐந்தாம் மாதம், ஈறில் சிவப்புக் கட்டி: பயப்படாதீர்கள்

சகோதரி, ஐந்தாம் மாதத்தில் மேல் ஈறில் சிவப்பாகக் கட்டி, பிரஷ் பட்டாலே ரத்தம், புற்றுநோயோ என்று தூக்கமே இல்லை என எழுதியிருக்கிறீர்கள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இப்படித்தான். முன்பற்களுக்கு நடுவே பாதிக் கோவைப்பழம் ஒட்டினாற்போல ஒரு முண்டு. வாய் கொப்பளித்தால் வாஷ்பேசினெல்லாம் சிவப்பு. பல் டாக்டர் 'பயோஜெனிக் கிரானுலோமா' என்றார். பெயருக்குச் சீழ்க்கட்டி என்று அர்த்தம் வந்தாலும் உள்ளே சீழ் கிடையாது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொத்தாக வளர்ந்த சதை, அவ்வளவுதான். புற்றுநோய் அல்ல. கர்ப்பகால ஹார்மோனும் பல்லிடுக்கு அழுக்கும் சேர்ந்து ஈறைத் தூண்டிவிடுகின்றன.

உங்களுடையதும் அதுதானா என்பதைப் பல் டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த மாதத்தில் பல் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானதுதான். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தத்துக்குப் பயந்து பல் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மென்மையான பிரஷ் போதும். இப்போதே வெட்டினால் திரும்ப முளைக்கலாம் என்பதால் பெரும்பாலும் பிரசவம் வரை காத்திருப்பார்கள். எனக்குக் குழந்தை பிறந்த பிறகு தானாகவே சுருங்கிவிட்டது. அப்புறம், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் அன்றே போய்க் காட்டுங்கள்.