1000 ரூபாய்க்குள் கிறிஸ்துமஸ் அலங்காரம்: நட்சத்திரமும் குடிலும் போதும்

வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், இந்த டிசம்பரில் அலங்காரத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது, அதற்குள் வீட்டில் கிறிஸ்துமஸ் களை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். எங்கள் அப்பா தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளி. மழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிடும், உப்பு வாரும் வேலை இருக்காது. அதனால் கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம்தான் வீட்டில் காசு ரொம்பக் குறைவாக இருக்கும். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் எங்கள் வாசலில் நட்சத்திரம் எரியும். 24ஆம் தேதி குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தின் சின்ன மாதிரி, தயாராகிவிடும். அம்மா சொல்வது ஒன்றுதான்: வீடு பூராவும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிவைக்காதே, வாசலில் நட்சத்திரம், உள்ளே குடில், இந்த இரண்டையும் நிறைவாகச் செய். இன்று என் வீட்டிலும் அப்படித்தான். ஃபேன்சி கடைக்குள் நுழைந்து ஜிகினா தோரணம், பலூன், பிளாஸ்டிக் மரம் என்று எடுக்க ஆரம்பித்தால் உங்கள் பணம் அங்கேயே கரைந்துவிடும்.

முதலில் நட்சத்திரம். இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சு வேண்டும். ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளிலும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். உள்பக்கம் குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் நாலு விரல் நீளக் குச்சியை முட்டுக் கொடுத்தால் நடுப்பகுதி உப்பி நிற்கும். காற்றாடிக் காகிதமும் மைதாப் பசையும் போதும். பல்பு மாட்ட ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். பழைய குண்டு பல்பு வேண்டாம், அந்தச் சூடு காகிதத்துக்கு ஆகாது. 5 வாட் எல்.இ.டி. பல்பு ராத்திரிக்குப் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் முழுவதற்கும் ஒன்றரை யூனிட்தான். அதே நேரம் 40 வாட் குண்டு பல்பு எரிந்தால் 12 யூனிட். டிசம்பர் நமக்கு மழைக்காலம் என்பதால் மொட்டை மாடியில் கட்டாமல் வாசல் சன்ஷேடுக்கு அடியில், ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

இனி குடில். உங்கள் நேரத்தையும் பிள்ளைகளின் கையையும் இதில்தான் போடச் சொல்வேன். ஹாலில் ஒரு மூலையில் ஸ்டூலையோ இரண்டு அட்டைப் பெட்டிகளையோ வைத்து, மேலே பழைய சாக்கைப் போடுங்கள். பாறைக்குப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட். நன்றாகக் கசக்கிப் பிரித்து, காவிப் பொடியையும் கரித்தூளையும் தண்ணீரில் கரைத்து அங்கங்கே துணியால் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். அசல் பாறை மாதிரியே வரும். பின்னால் ராத்திரி வானம் வேண்டுமென்றால், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஒரு சார்ட்டில் பூசினால் போதும். கூரைக்குப் பனை ஓலையோ வைக்கோலோ. எங்கள் ஊரில் கடல் பக்கம் என்பதால் பிள்ளைகள் மணலும் சிப்பியும் பொறுக்கி வருவார்கள், குடிலுக்குப் போகும் பாதை அதில்தான். உங்கள் ஊரில் கூழாங்கல் கிடைக்கும் அல்லவா, அது போதும்.

புல்லை மட்டும் கடையில் வாங்காதீர்கள். டிசம்பர் 14, 15 வாக்கில் ஒரு கைப்பிடி முழுக் கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் பழைய தட்டில் மண் பரப்பித் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வாருங்கள். இருட்டில் வைத்தால் முளைப்பாரி போல வெளிர் மஞ்சளாக வரும், வெளிச்சத்தில் வைத்தால் பச்சை. கேழ்வரகுப் புல் மெல்லியது, குடிலில் வைக்கும் சுரூபங்களின் (சின்னச் சிலைகளின்) அளவுக்குப் பொருந்தும். கோதுமை வேண்டாம், கிடுகிடுவென வளர்ந்து ஆட்டுக்குட்டியை மறைத்துவிடும். தண்ணீர் தெளிக்கிற பொறுப்பைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். காலையில் எழுந்ததும் தட்டைத்தான் போய்ப் பார்க்கும்.

சுரூபங்களில் முதல் வருடம் மூன்று போதும்: இயேசுவின் தாய் மாதா, வளர்ப்புத் தந்தை சூசையப்பர், குழந்தை இயேசு. முழு செட் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும், உயிருள்ள ஒரு மாடும் கழுதையும்தான் இருந்தன. ஆட்டுக்குட்டிகளைப் பிள்ளைகளே களிமண்ணில் பிடித்துப் பஞ்சு ஒட்டட்டும். வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் மாட்டையும் வைக்கலாம். அது சூசையப்பரைவிடப் பெரிதாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழந்தை இயேசுவை மட்டும் முன்னாலேயே வைத்துவிடாதீர்கள். 24ஆம் தேதி நடுராத்திரித் திருப்பலி முடிந்து வந்து, வீட்டின் கடைக்குட்டி கையால் வைக்க வேண்டும். அதுவரை தொட்டி காலியாகவே இருக்கட்டும். பிள்ளைகள் நாளெல்லாம் "எப்பம்மா வைக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். செலவில்லாமல் கிடைக்கிற எதிர்பார்ப்பு இது, விலைக்கு வாங்க முடியாது.

மரம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் சவுக்குக் கிளை வாங்குங்கள். பெயிண்ட் வாளியில் ஈரமணலைக் கொட்டி நடலாம். சீக்கிரம் காய்ந்து உதிரும் என்பதால் 23ஆம் தேதிக்கு முன் வேண்டாம். தொங்கவிட ஓலைப் பூக்களும், ஈர்க்கில் கட்டிய சின்ன நட்சத்திரங்களும், நூலில் கோத்த சிப்பிகளும் அழகாக இருக்கும்.

சீரியல் செட் ஒன்றே போதும், அதைக் குடிலைச் சுற்றி மட்டும் விடுங்கள். வைக்கோலும் காகிதமும் இருக்கிற இடம், ஆகவே ஒயர் எங்கேயாவது பிய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், தூங்கப்போகும்போது அணைத்துவிடுங்கள். குடிலுக்குள் மெழுகுவத்தி ஏற்றவே வேண்டாம். அப்புறம், 24 சாயங்காலம் வாசல் தெளித்து அரிசி மாவில் ஒரு நட்சத்திரக் கோலம். அதற்குத் தனிச் செலவு கிடையாது.

கணக்கு எங்கள் பக்கத்து விலைக்குச் சுமாராக இப்படி வரும்: மூன்று சுரூபங்களுக்கு 400, பல்புக்கும் சீரியல் செட்டுக்கும் 300, பிளாச்சு, காகிதம், கயிறு, பொடி எல்லாம் 150, சவுக்குக் கிளைக்கு மிச்சம் 150. மரம் வேண்டாமென்றால் அந்தக் காசில் ஒரு சம்மனசு (தேவதூதர்) சுரூபம் வாங்கிக் குடிலின் கூரைக்கு மேலே மாட்டுங்கள்.

ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாள் வரை எதையும் பிரிக்காதீர்கள். அதன் பிறகு சுரூபங்களைத் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். சீரியல் செட்டை ஓர் அட்டையில் சுற்றினால் சிக்காது. நட்சத்திரத்தில் காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டு மூங்கில் கூட்டைப் பரணில் போடுங்கள். அடுத்த டிசம்பரில் இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை இருக்காது, அந்தப் பணத்துக்கு இடையர்களை வாங்கலாம். ராஜாக்கள் அதற்கடுத்த வருடம் வரட்டும்.