எண் இல்லாத பெட்டி

அன்புள்ள ஐயா,

நான் ஸ்போகேனில் இருக்கிறேன். அமெரிக்கா வந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் பத்துக்கு மேல் குண்டு பிடிக்கும் கிளிப்பை விற்கக் கூடாது என்று சட்டம். ஆபீஸ் நண்பர், "அரை மணி நேரம் கார் ஓட்டினால் ஐடஹோ, அங்கே முப்பது பிடிப்பதுகூடக் கிடைக்கும், வாங்கி வந்துவிடு" என்கிறார். இப்படி ஒரு வரம்பு வைப்பதால் ஒரு உயிராவது பிழைக்குமா? இது கண்துடைப்புதானே? போன மாதம் பக்கத்துத் தெருவில் வீடு புகுந்து திருடிவிட்டார்கள். மனைவியும் நானும் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்றால், பத்து போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தையே தொட்டிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்வோம். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், நுனியில் குண்டு, இவை நான்கும் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். கிளிப் என்பது தோட்டாக்களை வரிசையாகக் கவ்விப் பிடிக்கும் தகடு. சட்டம் தடுப்பது மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கி ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக்குள் ஏற்றும், சுருள்வில் வைத்த பெட்டியை. எது தடை செய்யப்பட்டது என்றே தெரியாமல் கண்துடைப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

அடுத்து உங்கள் நண்பர். அவர் குற்றம் செய்ய வழி சொல்லித் தருகிறார். வாஷிங்டனில் 2022 ஜூலை 1 முதல் இவற்றைத் தயாரிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வெளியிலிருந்து மாநிலத்துக்குள் கொண்டுவருவதும் தடை. ஐடஹோவில் வாங்குவதோடு கதை முடியவில்லை, எல்லையைத் தாண்டி வீடு திரும்பும்போதுதான் அது குற்றமாகிறது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே முப்பது தோட்டா மேகசின் வைத்திருந்தவர் அதை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது சட்டப்படி சரி, நேற்று நீங்கள் கொண்டுவந்தது குற்றம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யார் சொல்வது?

கண்துடைப்பா என்று கேட்பவர்கள் எல்லோரும் எண்ணையே பிடித்துத் தொங்குகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சிக்கல் பத்திலும் பதினைந்திலும் இல்லை, இந்தப் பெட்டியில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கூடு, ஒரு சுருள்வில், வில்லின் தலையில் உட்கார்ந்து தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோயர், ஓர் அடித்தட்டு, பலவற்றில் அந்த அடித்தட்டைப் பூட்டும் ஒரு சிறு தகடு. கூட்டின் மேல் விளிம்பு இரண்டு உதடுகள் போல உள்ளே மடிந்து தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்து உதடு விரிந்தால் இரண்டு தோட்டா ஒன்றாக ஏறி மாட்டிக்கொள்ளும். வில் தளர்ந்தால் தோட்டா மேலே வருவதற்குள், அதைச் சுடும் அறைக்குள் தள்ள வேண்டிய போல்ட் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் வில்லையும் ஃபாலோயரையும் மாற்றுவது சாதாரணப் பராமரிப்பு. அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் தொடர் எண் பொறித்த ஃப்ரேம் அல்லது ரிசீவர், அதாவது துப்பாக்கியின் மைய உடல். மேகசினுக்கு எண் கிடையாது, பதிவு கிடையாது, கூட்டாட்சி அளவில் வாங்குபவரின் பின்னணிச் சோதனையும் கிடையாது. சிலர் வார்ப்பிலேயே மாதமும் ஆண்டும் பதிக்கிறார்கள். அது கூட்டின் வயதைச் சொல்லும், அது யார் வீட்டில் எப்போது இருந்தது என்று சொல்லாது.

இப்போது 1994க்கு வாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 13 முதல் 2004 செப்டம்பர் 13 வரை, பத்து தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களுக்கு நாடு முழுக்கத் தடை இருந்தது. ஆனால் அதற்கு முன் செய்தவற்றை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியும் செய்யலாம். போலீஸ், ராணுவம் போன்ற விலக்குகளுக்காகப் புதிதாகச் செய்வதற்கு மட்டும் தொடர் எண் வேண்டும். அந்தச் சட்டத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது: எண் இல்லாத மேகசினைத் தடைக்கு உட்படாததாகவே அனுமானிக்க வேண்டும், பழையது அல்ல என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. முன்பு செய்த எதிலும் எண் இல்லை. ஆக, சட்டம் தன் வாயாலேயே தன் பிடியைத் தளர்த்திக்கொண்டது. பத்து வருடமும் பழைய சரக்கு லட்சக்கணக்கில் கைமாறியது. தடை இருந்தும் குற்றங்கள் குறையவில்லையே என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எதைத் தடுத்தார்கள் என்று சொல்லுங்கள்.

பாடம் கற்றார்களா? 2012இல் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில் நடந்த திரையரங்கக் கொலைகளுக்குப் பிறகு, 2013 ஜூலை 1 முதல் அந்த மாநிலம் பதினைந்து என்று வரம்பு வைத்தது. (அந்தக் கொலைகாரனின் நூறு தோட்டா டிரம், அதாவது வட்ட வடிவ மேகசின், நடுவில் சிக்கிக்கொண்டது. டிரம்மில் தோட்டாக்கள் சுற்றி வளைந்து நெடுந்தூரம் உரசி வர வேண்டும், அதனால் சிக்கும் வாய்ப்பும் அதிகம்.) அங்கேயும் விலக்கு உண்டு, அந்தத் தேதியில் உங்களிடம் இருந்து, இடையறாமல் உங்கள் வசமே இருந்தால் சரி. இடையறாமல் என்பதை ஒரு போலீஸ்காரர் எதைப் பார்த்து அறிவார்? கலிபோர்னியாவில் 2019 மார்ச் கடைசியில் பெனிடெஸ் என்ற கூட்டாட்சி நீதிபதி அந்த மாநிலத்தின் மேகசின் தடையை ரத்து செய்ததும் ஒரு வாரம் சந்தை திறந்தது, அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டதும் ஏப்ரல் 5 அன்று மூடியது. அந்த வாரத்தில் வாங்கியதற்கு அப்போது நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது. உங்கள் மாநிலத்தில் 2024 ஏப்ரல் 8 அன்று இதே கதை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாங்கியது எது, அடுத்த நாள் வந்தது எது? ரசீது வைத்திருப்பவரிடம் பதில் இருக்கிறது, பெட்டியிடம் இல்லை.

சரியாக எழுதிய ஒரு சட்டம் அமெரிக்காவில் 1935 முதலே இருக்கிறது, வாத்துகளுக்காக. வலசைப் பறவைகளை வேட்டையாடும் ஷாட்கன்னில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது, சுடும் அறையில் ஒன்று, மேகசின் குழாயில் இரண்டு. அதிகம் பிடிக்கும் துப்பாக்கி என்றால் மேகசின் குழாய்க்குள் ஓர் அடைப்பு வைக்க வேண்டும். அடைப்பு ஒரே துண்டாக இருக்க வேண்டும், துப்பாக்கியைப் பிரிக்காமல் எடுக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். வேட்டைக்களத்தில் காவலர் வெற்றுத் தோட்டாக்களை எடுத்துக் குழாயில் திணித்துப் பார்ப்பார். குழாய்க்குள் மூன்றாவதும் போனால் அபராதம். எப்போது வாங்கினாய், யாரிடம் வாங்கினாய் என்ற கேள்வியே இல்லை. சோதனை பொருளின் மீது, அதன் ஜாதகத்தின் மீது அல்ல. "வாத்துக்கு மூன்று, மனிதனுக்கு முப்பதா" என்று மேடையில் கேட்பது மலிவான வாதம், அது பறவைகளைக் காக்கும் விதி. அதிலிருந்து எடுக்க வேண்டியது எண்ணை அல்ல, எழுதிய முறையை.

வரம்பு வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நியூசிலாந்து 2019இல் செய்ததுபோல, பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, வைத்திருப்பதையே தடுக்க வேண்டும். விற்பனையை மட்டும் தடுத்துவிட்டு வீட்டில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, தொட்டி நிறைந்த பிறகு குழாயை மூடுவது.

வரம்பு எத்தனை என்பதைப் பற்றி இரண்டு வரி போதும். நியூயார்க் 2013இல் ஏழு என்றது. ஏழு பிடிக்கும் மேகசின் பல துப்பாக்கிகளுக்குக் கிடைக்காததால், பத்து பிடிப்பதை வைத்துக்கொள், ஏழு மட்டும் நிரப்பு என்றது. அந்த ஏழை ஒரு நீதிபதி அந்த ஆண்டின் கடைசி நாளில் ரத்து செய்தார். டெலவேர் பதினேழு. இல்லினாய் கைத்துப்பாக்கிக்குப் பதினைந்து, நீள்துப்பாக்கிக்குப் பத்து.

உயிர் பிழைக்குமா என்றீர்கள். 2011இல் அரிசோனாவின் டூசான் நகரில் 33 தோட்டா மேகசின் காலியாகி, அடுத்ததை மாட்ட முயன்றபோதுதான் சுட்டவனை மக்கள் மடக்கினார்கள். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பத்தும் பதினைந்தும் பிடிக்கும் மேகசின்களை மாற்றி மாற்றி ஒருவன் 32 பேரைக் கொன்றான். இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும். 1990 முதல் 2017 வரை ஆறு பேருக்குக் குறையாமல் இறந்த 69 சம்பவங்களை ஆராய்ந்ததில், பெரிய மேகசின் பயன்பட்டவற்றில் சராசரி உயிரிழப்பு 62% அதிகம். நிறையக் கொல்ல நினைப்பவனே பெரியதைத் தேடுவான் என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு. மாற்றுவதற்கு ஆகும் இரண்டு மூன்று விநாடியில் கைக்கெட்டும் தூரத்தில் யாராவது இருந்தால் பயன், இல்லாவிட்டால் இல்லை.

பத்து போதுமா? கலிபோர்னியா வழக்கில் அரசுத் தரப்பு நிபுணர் கொடுத்த கணக்கில், தற்காப்புக்குத் துப்பாக்கியை எடுத்தவர்கள் (சுடாமலே விட்டவர்களையும் சேர்த்து) சராசரியாகச் சுட்டது 2.2 தோட்டா. சராசரி யாரையும் காப்பாற்றாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. வந்து மூன்று வருடம் என்கிறீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசா என்றால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நண்பர் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அவர் பேச்சை நம்பி அந்த ஊரில் கட்டிய வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள். மனைவியின் விசாவையும் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள்.

தூக்கத்துக்கு இந்தச் சனிக்கிழமை ஒன்று செய்யலாம். வாசல் கதவு, பின்கதவு இரண்டிலும் தாழ்ப்பாள் நுழையும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான திருகுகள்தான் இருக்கும், மெல்லிய சட்டத்தை மட்டுமே பிடித்திருக்கும், ஓர் உதையில் பிய்ந்துவிடும். மூன்று அங்குலத் திருகுகள் வாங்கி, உள்ளே சுவரின் கட்டை வரை இறங்கும்படி முடுக்குங்கள். ஒவ்வொரு கீலிலும் ஒரு திருகையாவது மாற்றுங்கள்.

அன்புடன்.