ஐயரைக் கேளுங்கள்: இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்ல எப்படித் தயாராவது?

கேள்வி: ஐயா, எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் அடுத்த மாதம் சுவிசேஷப் பயிற்சி. 5 குறிப்புகளையும் 12 வசனங்களையும் மனப்பாடம் செய்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருப்பவர் இந்து நண்பர். நாலு வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அவரிடம் இதையெல்லாம் ஒப்பிக்க நாக்கு எழவில்லை. எனக்கு விசுவாசம் குறைவா?
*(வாசகர், சென்னை)*

தம்பி, குறைவு ஒன்றும் இல்லை. நாக்குக்குப் புத்தி இருக்கிறது.

நான் ஒப்பித்த கதையைக் கேளும். 1979. சபை ஊழியத்தில் உபதேசியாராகச் சேர்ந்து மூன்று மாதம். உடன்குடிப் பக்கம் ஒரு கடையில் கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறு. ஆள் கிடைத்தார் என்று ஆரம்பித்துவிட்டேன். "ஐயா, நாம எல்லாரும் பாவிகள்." அவர் டம்ளரை வைத்த சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாரப் பாத்துப் பாவிங்க? நான் யாரு குடியக் கெடுத்தேன்?" தமிழில் அது வசவு என்பது வீட்டில் தினமும் "அடப்பாவி" கேட்டு வளர்ந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, அடுத்த குறிப்புக்குத் தாவுவோம் என்று, "நீங்க மறுபடியும் பிறக்கணும்" என்றேன். பெரியவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு பிறப்பு வேண்டாம்னுதானே தம்பி நான் வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு நடக்கேன். நீ மறுபடியும் பிறங்கியே, இது என்ன ஞாயம்?"

என் கையில் பதில் இல்லை. என் காபிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொல்லும் யோவான் 3-ஐ நான் சரியாகத்தான் படித்திருந்தேன். அவர் காதில் அது என்னவாக விழும் என்பதைத்தான் படிக்கவில்லை. நம் ஆட்கள் 'ஆயத்தம்' என்றால் பேசப் பழகுவது என்றே நினைக்கிறார்கள். 1 பேதுரு 3:15-ஐ எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதை நிதானமாக வாசித்துப் பாரும். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" என்றிருக்கிறது. அவர் கேட்க வேண்டும், நீர் உத்தரவு சொல்ல வேண்டும். கேட்காதவருக்கு உத்தரவு ஏது?

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் பிரசங்கம் பண்ணவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் ஆனா ஆவன்னா எழுதினார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துப் பட்டியல் போட்டுவிட்டார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு புத்தகமே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். "உம்மை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, இங்கே பரப்ப அல்ல" என்கிற தோரணையில் ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்கள் அதை ஓரம் கட்டிவிட்டார்கள். அது அச்சேறியது 1867-ல்! எனக்கு அந்த ஹாலேக்காரர்கள் மேல் இன்னும் கோபம் உண்டு. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்ததும் இதே மனிதர்தான். ஊரார் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிராவிட்டால் அதை எந்தத் தமிழில் எழுதியிருப்பார்?

ஆகவே உமக்கு என் வீட்டுப்பாடம் இது. ஒரு தாளை எடும். ஆண்டவர் உம் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று ஒரு பக்கம் எழுதும். இரட்சிப்பு, கிருபை, அபிஷேகம், பாரம், ஜெயம், ஆத்தும ஆதாயம் போன்ற சபைச் சொற்கள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடியும். என் வாலிபர்களுக்கு இதைக் கொடுத்தபோது ஒரு பையனுக்கு மிஞ்சியது "நான்", "அப்புறம்" இரண்டும்தான். மறு வாரம் அவனே எழுதி வந்தான்: "எங்க அப்பாவோட மூணு வருஷம் பேசல. ஒருநாள் ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தா அவர் முகம்தான் வருது. காலைல போய்ப் பேசினேன்." இது யாருக்குத்தான் புரியாது? இயேசு பார்வை கொடுத்த பிறவிக்குருடனும் இவ்வளவுதான் சொன்னான்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." பரிசேயர் கேட்ட மீதிக் கேள்விகளுக்கு அவனிடம் குறிப்பு இல்லை.

'தேவன்' என்ற சொல்லையே பாருமேன். சீகன்பால்கு சருவேசுரன் என்றார், அவருக்குப் பின் வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிஷியஸ் பராபரன் என்றார், பிறகு தேவன் வந்தது, இப்போதைய பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு. நீர் உம் நண்பரிடம் நாலு தடவை யோசித்துப் பேசுவதில் தப்பே இல்லை. பயிற்சிக்கும் போம். வசனம் மனப்பாடமாக இருப்பது நல்லதுதான்.

கேள்வி: நான் நர்ஸ். ராத்திரி டியூட்டியில் நோயாளிகள் பயந்து அழும்போது இயேசுவைப் பற்றிச் சொல்லலாமா?
*(வாசகி, மதுரை)*

அம்மா, எழுந்து போக முடியாதவரிடம் பிரசங்கம் கூடாது. கையில் டிரிப்ஸ் ஏறுகிறவர் உங்களிடம் "வேண்டாம் சிஸ்டர்" என்று எப்படிச் சொல்வார்? நாளைக்கு ஊசி போடப்போவதும் நீங்கள்தானே. அவராகவே "நீங்க யாரைக் கும்பிடுறீங்க? எனக்காக வேண்டிக்கோங்க" என்று கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், அங்கேயே ஜெபியுங்கள். கேட்காதவருக்குத் தண்ணீர் கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள். வேலைக்கு வரும் அம்மாவிடமும், ட்யூஷன் பிள்ளைகளிடமும் இதே கணக்குதான்.

கேள்வி: "உங்க சபையிலயே சாதி பார்க்கிறீங்க, எங்களுக்கு என்ன சொல்ல வர்றே?" என்று கல்லூரித் தோழி கேட்டுவிட்டாள். வாயடைத்துப் போனேன். இதற்கு என்ன பதில் தயார் செய்வது?
*(மாணவி, பாளையங்கோட்டை)*

"ஆமாம்" என்பதுதான் பதில், மகளே. அதற்கு மேல் எதைத் தயாரித்தாலும் அது சப்பைக்கட்டு.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அடியோடு கூடாது என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டே போனார்கள். அந்தக் கடிதத்தை எதிர்த்து நின்றவர்களில் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டைப் பாடித்தான் நான் வளர்ந்தேன், இன்றைக்கும் பாடுகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பார், சாதிக்கு ஒரு பக்கம் இருக்கும்.

தோழியிடம் போய், "நீ சொன்னது நிஜம், எனக்கு வெட்கமா இருக்கு" என்று சொல். "ஆனா அது உண்மையான கிறிஸ்தவம் இல்ல" என்று உடனே ஒரு வால் சேர்க்காதே. அவள் அடுத்து என்ன கேட்கிறாள் என்று காத்திரு. அப்புறம், உன் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பார்க்கும்போது தரகரிடம் முதலில் எதைச் சொல்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனி.

கேள்வி: ரயிலில் கைப்பிரதி கொடுக்கலாமா?
*(வாசகர், தூத்துக்குடி)*

முதலில் நீங்கள் வாசித்துப் பாருங்கள். போன மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒருவர் நான் யாரென்று தெரியாமல் எனக்கே ஒன்று கொடுத்தார். நாலு பக்கம். எண்ணிப் பார்த்தேன், நரகம் ஒன்பது இடத்தில் வருகிறது. இயேசு கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் போன் நம்பருக்கு மேலே இரண்டு வரியில் இருந்தார்.