பழைய காருக்கு வேறு இன்ஜின்: கேள்வி பதில்

கும்பகோணம் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். இன்ஜின் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில.

அண்ணே, அப்பாவின் அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல். இழுவையே இல்லை. ஸ்விஃப்ட் டீசல் இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது, ஏற்றலாமா? (மன்னார்குடி)

வேண்டாம் தம்பி. ஸ்விஃப்டில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. உங்கள் வண்டியில் அது நெடுக்காக இருந்து, நீள ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்ட வேண்டும். கியர்பாக்ஸ் ஒட்டாது. மிச்சம் பிடித்த காசு லேத்துக்காரருக்குப் போகும்.

மாற்றித்தான் தீர வேண்டுமென்றால் இசுசு 1.8 பெட்ரோல். அம்பாசடரிலேயே கம்பெனி போட்டு விற்றது, அதே கம்பெனியின் கான்டெஸா காரிலும் வந்தது. 5 கியர் பாக்ஸ், மவுண்டிங், கிளட்ச் சாமான் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பிராக்கெட் விட்டுப்போய், ஒரு வண்டி என் பட்டறையில் மூன்று வாரம் செங்கல் மேல் நின்றது. வேகம் கூடும், பிரேக்கையும் பாருங்கள்.

சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்கு இன்ஜின் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிப்பது? (சீர்காழி)

ஸ்பேனர், டார்ச் எடுத்துப் போங்கள். பிளக்கைக் கழற்றி, கிராங்கை (இன்ஜினின் சுழலும் தண்டு) இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிளக் துளையில் டார்ச் அடியுங்கள். போர் சுவரில் (பிஸ்டன் ஓடும் உருளையின் உட்பக்கம்) துரு வளையம் தெரிந்தால் தண்ணீர் புகுந்த இன்ஜின். ஆயில் மூடிக்கு அடியில் நம்மூர் டிகிரி காபி நிறம் இருந்தாலும் அதே கதைதான், இல்லையென்றால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கும். பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருப்பதை நம்பவே மாட்டேன்.

ஆம்னிக்கு மாருதி 800 இன்ஜின் சேருமா சார்? (நாகப்பட்டினம்)

இரண்டும் 796 சி.சி.தான். ஆனால் 800-இல் குறுக்கே, ஆம்னியில் நெடுக்கே. உங்கள் சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தட்டு), மவுண்டிங் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டிவரும். கார்புரேட்டர் வண்டிக்கு கார்புரேட்டர் இன்ஜினே பாருங்கள். கம்ப்யூட்டர் சொல்லி பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. என்றால் வயரிங், கம்ப்யூட்டர், பம்ப் என்று இழுத்துக்கொண்டே போகும்.

ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா? (திருவாரூர்)

கண்டிப்பாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவு. அதே மாடல் இன்ஜின் என்றால் எண்தான் மாறும். சி.சி. மாறினால் சிக்கல் வரும். பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பில்லும், கழற்றிய வண்டியின் ஆர்.சி. நகலும் வாங்காமல் நகராதீர்கள். இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்போ எனக்கு என்னதான் வழி அண்ணே? (மறுபடி மன்னார்குடி)

பழைய இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தீர்களா? பாதி வண்டிகளில் வால்வும், பிளக்குக்குப் பொறி வரவைக்கும் பாயிண்டும்தான் குறை. சனிக்கிழமை காலை கொண்டு வாருங்கள், இன்ஜின் சூட்டோடு இருக்கட்டும்.