வீட்டிலும் உணவிலும் உள்ள ஈயம் நம் உடலை எவ்வளவு சேர்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்?

சுற்றுப்புறத்தில் உள்ள மாசு உண்மையில் எவ்வளவு நம்மை வந்தடைகிறது என்பதே ‘வெளிப்பாடு’. ஈயத்தைப் பொறுத்தவரை, ஒருவர் ஒரு நாள் உண்பதில் எல்லாம் இன்னொரு பங்கைச் சேகரித்துப் பரிசோதிப்பார்கள். தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் குறிப்பிட்ட பரப்பை ஈரத்துணியால் துடைத்து, அதில் ஒட்டிய தூசியையும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தவழும் குழந்தை தரையைத் தொட்ட விரலை வாயில் வைப்பதால், பழைய பெயிண்ட் உதிரும் வீட்டில் சோற்றைவிடத் தூசியே பெரிய வழியாகிவிடலாம். பிறகு இரத்தப் பரிசோதனை: அமெரிக்காவில் 2021 முதல் குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் என்பது கவனிக்க வேண்டிய அளவு. இரத்தம் சட்டைப்பையில் உள்ள பணத்தைப் போல அண்மை வரவையே பெரிதும் காட்டும். பல ஆண்டுச் சேமிப்பு எலும்பில் இருக்கும். எனவே, இரத்தத்தில் ஈயம் குறைவாக இருந்தால் அது உடலில் சேரவே இல்லை என்று பலரும் எண்ணுவது தவறு.