தாத்தாவின் மிளகாய்ச் செடி

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. விமானி ஆவதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மைனஸ் 2.75 கண்ணாடி போடுகிறான். "கண்ணாடிக்காரனைப் பயணியாகத்தான் ஏற்றுவார்கள்" என்று என் தம்பி கேலி செய்கிறான். லேசர் சிகிச்சை செய்துவிடலாமா? எங்கள் குடும்பத்தில் கண் கோளாறு கிடையாது. அப்பாவுக்கு மட்டும் செடியில் மிளகாய் பழுத்தது தெரியாது, அம்மாதான் பறிப்பார்.
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: சகோதரி, முதலில் உங்கள் தம்பியின் வாயை அடைத்துவிடுவோம். பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை வேண்டும் என்பது சர்வதேச விதி. கண்ணாடியோடு அந்தப் பார்வை இருந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இந்த வயதில் லேசர் பக்கமே போகாதீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மிளகாய்தான். 30 ஆண்டுகளாகக் கண் பரிசோதிக்கிறேன். இப்படி யாராவது போகிற போக்கில் சொல்லும்போதுதான் காது நிமிர்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறியும் திறன் பிறவியிலேயே குறைவாக இருந்திருக்கலாம். அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. கேலி பேசும் தம்பி தப்பித்தார். மகள் வழியாகப் பேரனுக்கு வரலாம். அப்பாவுக்கு அது இருந்திருந்தால், உங்கள் பையனுக்கு இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

விமானிக்கு நிறம் அலங்காரமல்ல. ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இறங்கும்போது இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரம்; நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. ரேடியோ செயலிழந்தால் கோபுரத்திலிருந்து காட்டும் பச்சை, சிவப்பு, வெள்ளை விளக்குகள்தான் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை மகனோடு வந்தார். பறக்கும் பள்ளிக்கு முன்பணம் கட்டியாயிற்று. நிறப் பார்வையைச் சோதிக்க, நிறப் புள்ளிகளால் எண் வரைந்த இஷிஹாரா புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் 12. அதை எல்லோரும் படித்துவிடுவார்கள். நாம் 74 என்று படிக்கும் பக்கத்தை அவன் தயங்காமல் 21 என்றான். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார். கட்டிய பணம் முழுதாகத் திரும்பவில்லை.

இதில் தவறினாலும், காட்டும் விளக்கின் நிறத்தைச் சொல்ல வேண்டிய விளக்குச் சோதனை என்று இன்னொன்று உண்டு. அதிலும் தவறினால் வணிக விமானி உரிமத்துக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்காது. தனியார் உரிமத்துக்கான இரண்டாம் வகுப்புச் சான்று பகலில் மட்டும் பறக்கலாம் என்ற நிபந்தனையோடு கிடைக்கலாம்.

ஆகவே பள்ளிக்குப் பணம் கட்டும் முன், நம் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் வகுப்புப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இதயம், காது எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். அதற்கும் முன் பக்கத்திலிருக்கும் கண் பரிசோதகரிடம் அச்சிட்ட இஷிஹாரா புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்; கைபேசித் திரையின் நிறங்களை நம்ப வேண்டாம். போகும்போது மிளகாய்க் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.