பணிகளை எதை வைத்து வகை பிரிப்பது?

கேள்வி: ‘வீடு, வேலை, உடல்நலம் என்று பணிகளை வகை பிரித்து எழுதுகிறேன். ஆனாலும் பட்டியல் குறையவே இல்லை. எத்தனை வகைகள் வைத்துக்கொள்ளலாம்?’

எண்ணிக்கை இருக்கட்டும். எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பல ஆண்டுகள் நானும் வீடு, பள்ளி, கோவில் என்றுதான் நோட்டில் எழுதிவந்தேன். ஒருமுறை பள்ளி வேலையாகத் தலைநகர் போர்ட் லூயி போய், முடிந்ததும் மெட்ரோ ஏறித் திரும்பிவிட்டேன். அதே தெருவில் இருந்த அலுவலகத்தில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் வாங்கியிருக்க வேண்டும். அது ‘வீடு’ பக்கத்தில் கிடந்தது. அன்று நான் புரட்டியதோ ‘பள்ளி’ப் பக்கம். அதற்காக இன்னொரு நாள் விடுப்பு எடுக்க நேர்ந்தது.

எனக்குத் தெளிவு தந்தது எங்கள் தீவின் புயல் எச்சரிக்கை முறை. அதில் 4 வகுப்புகள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வரக்கூடும் என்றால், 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே முதல் வகுப்பு. இயன்றவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும்போது இரண்டாவது, 6 மணி நேரம் இருக்கும்போது மூன்றாவது. அந்த வேகத்தில் காற்று வீசத் தொடங்கி, தொடரவும் போகிறது என்றால் நான்காவது. புயல் எவ்வளவு பெரியது என்பதை அந்த எண் சொல்வதில்லை. நமக்கு மிச்சமுள்ள நேரத்தைச் சொல்கிறது. அதனால் எண்ணைக் கேட்டதுமே ஒருவர் தண்ணீர் பிடிக்கிறார், இன்னொருவர் ஜன்னலை அடைக்கிறார். யாரும் யாரையும் கேட்பதில்லை.

பணிகளின் வகையும் அப்படி வேலை செய்ய வேண்டும். இந்தக் காரியம் வாழ்க்கையின் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது எழுதும்போது மனத்துக்கு நிறைவாக இருக்கும், செய்யும்போது உதவாது. எங்கே இருந்தால், எது கையில் இருந்தால் இதைச் செய்ய முடியும்? அதுவே வகையின் பெயர். என்னிடம் இப்போது ‘போர்ட் லூயி’, ‘தொலைபேசி’, ‘வீட்டு மேசை’, ‘காத்திருப்பு’ என்று நான்கு இருக்கின்றன. கோவிலுக்குப் பூ சொல்வதும் மாணவனின் தந்தையை அழைப்பதும் ‘தொலைபேசி’யில் அடுத்தடுத்து நிற்கின்றன. கால் மணி நேரம் கிடைத்தால் இரண்டும் முடிந்துவிடும்.

‘காத்திருப்பு’ மட்டும் தனி. பிறர் செய்து தர வேண்டியவை அதில் இருக்கும். யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுவேன். ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி திறப்பும் தைப்பூசக் காவடி ஏற்பாடும் நெருக்கும். அது புயல் காலமும்கூட. அப்போது அந்தப் பக்கத்தை மட்டும் தினமும் காலையில் பார்க்கிறேன். மற்ற மாதங்களில் ஞாயிறு ஒரு முறை பார்த்தால் போதுகிறது.